மாடும் மடையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முத்தூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே கொறங்காடும் (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) கொஞ்சம் கீழ்பவானிப் பாசன நிலமும் வைத்து, காங்கேயம் மாடுகள் வளர்த்து வருபவர் எங்கள் கட்டுரையாளர். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*

அம்மா, கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். அப்புச்சி வழியில் முத்தூர் பக்கம் பதினொரு ஏக்கர் வந்திருக்கிறது. ஆறு ஏக்கர் கொறங்காடு, மீதி வாய்க்கால் பாசனம், ஒரு போர்வெல் இருக்கிறது. ஒரு மாதப் பயிற்சி எடுத்துவிட்டு பத்து மாடுகளோடு ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?
– வாசகர், கோவை

தம்பி, பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் தடுப்பூசி, தீவனக் கணக்கு, சொட்டுநீர் மானியம் எல்லாம் தெளிவாகச் சொல்லித் தருவார்கள். போய் வாருங்கள். ஆனால் ஐப்பசி மழைக்குப் புல் எழும்புவதும், மாசியில் அது சருகாக நிற்பதும், கோடையில் மாடு வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்று நாள் கடத்துவதும், வாய்க்காலில் தண்ணி வருவதும் நிற்பதும் ஒரே மாதத்தில் நடக்காது. ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கணும். வேலையை விட வேண்டாம். சனி, ஞாயிறு யாராவது ஒரு விவசாயியின் கட்டுத்தரைக்கு (மாடு கட்டும் இடம்) போய், சம்பளம் கேட்காமல் வேலை செய்யுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையே கேட்கலாம். ‘கத்துக்க வந்திருக்கேன்’ என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் விரட்ட மாட்டார்கள். கொஞ்சம் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான்.

போனதும் தண்ணி காட்டும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பால் கறக்கவும் ஏர் பூட்டவும் எல்லோரும் ஆசைப்படுவார்கள். தண்ணி காட்ட யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஒவ்வொரு மாடும் தொட்டிக்கு வருகிற அந்த நேரத்தில்தான் அதன் உடம்பு தெரியும். தினமும் முந்தி வருகிற மாடு இன்றைக்குப் பின்தங்கினால் காரணம் இருக்கிறது. மூக்குநுனி ஈரமாக இருக்க வேண்டும். காதைத் தொட்டால் அளவான சூடு இருக்க வேண்டும். குடித்து முடித்துப் படுத்ததும் அசை போட வேண்டும். சாணி கெட்டி உருண்டையாக விழுந்தால் தண்ணி பற்றவில்லை, அல்லது வெறும் காய்ந்த சோளத்தட்டை மட்டுமே தின்கிறது. பீய்ச்சி அடித்தால் தீவனம் மாறியிருக்கிறது, இல்லையென்றால் பூச்சி. கோடையில் ஒரு மாடு 40 முதல் 60 லிட்டர் வரை குடிக்கும். அது பாதியாகக் குறைந்த அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யலாம். மறுநாள் தீவனத்தை ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். பாசி பிடித்த தொட்டியில் மாடு வாயை நனைத்துவிட்டுப் போய்விடும், நாம் குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

பத்து மாடு விஷயத்துக்கு வருகிறேன். காங்கேயம் வட்டாரத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அந்த மழையில் இத்தனை தலைமுறையாக மாடு வளர்க்க முடிந்ததற்குக் காரணம் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், அதோடு நரிப்பயறு மாதிரி தானாக முளைக்கிற பயறுக் கொடிகள். பழைய ஆட்கள் அதைத் தடுக்குத் தடுக்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு தடுக்கில் மேயும்போது இன்னொன்று ஓய்வில் இருக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தடுக்கை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு, மறுபடி புல்லுக்கு விடுவார்கள். உங்கள் ஆறு ஏக்கருக்கு இரண்டு தாய் மாடு, அவற்றின் கன்றுகள், விருப்பம் இருந்தால் நாலைந்து செம்மறி ஆடு. இது என் கணக்கு. கொஞ்சம் கூடக் குறையச் சொல்பவர்களும் உண்டு. பத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து மாட்டை விட்டால் முதல் வருஷம் புல் விதை விழாது. இரண்டாம் வருஷம் புல்லே எழும்பாது. மூன்றாம் வருஷம் தீவனம் வாங்கிப் போட்டு, கடன் வாங்கி, ‘காங்கேயம் மாடு கட்டுப்படியாகாது’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மழைக்குப் பிறகு புல் கதிர் தள்ளி விதை உதிரும் வரை மாட்டை உள்ளே விடாதீர்கள். மேய விட்ட பிறகும் ஒரு சாண் புல் நிற்கும்போதே அடுத்த தடுக்குக்கு மாற்றுங்கள். வேலியில் சந்து இருந்தால் இந்தத் திட்டமெல்லாம் வீண். அதனால் முதல் செலவு வேலிக்கு. கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) நட்டு, அது பிடித்து முள் கட்டும் வரை இடைவெளிகளில் முள்ளைப் போட்டு அடையுங்கள்.

இரண்டாவது செலவு தட்டுப்போர், அதாவது காய்ந்த சோளத்தட்டை அடுக்கி வைக்கிற குவியல். ஒரு மாட்டுக்கு நாளுக்கு ஆறு கிலோ சோளத்தட்டு என்று வைத்தால், கோடையின் 90 நாளுக்கு 540 கிலோ. இரண்டு மாட்டுக்கு ஒரு டன்னுக்கு மேல். அறுவடை சமயத்தில் வாங்குங்கள். பங்குனியில் போய் விலை கேட்டால் மயக்கம் வரும். வேலி இருக்கிறது, தட்டுப்போர் இருக்கிறது, தொட்டியில் தண்ணி இருக்கிறது என்றான பிறகுதான் மாடு. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தைக்கு ஒரு சித்திரையில் போய்ச் சும்மா சுற்றிப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதையும், பல்லைப் பிடித்து வயசு சொல்வதையும் பாருங்கள். அன்றைக்குப் பணம் எடுத்துப் போகாதீர்கள். முதல் மாட்டைத் தெரிந்த விவசாயி வீட்டில், இரண்டாவது ஈத்து (இரண்டாம் முறை கன்று போட்டது), கன்று கூடவே நிற்கிற மாடாகப் பார்த்து வாங்குங்கள். முதல் ஈத்துக் கிடேரியைப் பழக்கவும் புதிதாய் நீங்கள் பழகவும் ஒரே நேரத்தில் முடியாது.

*

போரில் 5 எச்.பி. மோட்டார் ஓடுகிறது. ஒரு ஏக்கரில் கோ-4 தீவனப்புல் போட்டிருக்கிறேன். எத்தனை மணி நேரம் தண்ணீர் விட வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், தாராபுரம்

அவர்கள் மோட்டாரில் எவ்வளவு தண்ணி வருகிறதோ அதற்குத் தக்க மணியைச் சொல்கிறார்கள். உங்கள் மோட்டாரில் எவ்வளவு வருகிறது என்று உங்களுக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 5 எச்.பி. என்பது மோட்டாரின் பலம். 300 அடியில் இருந்து இழுத்தால் ஒரு அளவு வரும், 800 அடியில் இருந்து இழுத்தால் வேறு அளவு.

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வையுங்கள். மோட்டார் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். முதலில் போரில் தேங்கியது வேகமாக வந்து ஏமாற்றும். போனில் நேரம் பாருங்கள். டிரம் நிரம்ப 60 வினாடி ஆனால் மணிக்கு 12,000 லிட்டர். சரி, ஒரு ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணி நிறுத்த ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் 17 மணி நேரம். மண் வாய்க்காலில் ஓடிப் பாய்கிறது என்றால் வழியில் குடித்துக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் பார்த்ததும் பாதிப் பேர் சொட்டுநீருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த இரண்டு அங்குலம் எத்தனை நாளுக்கு வரும்? சித்திரை வெயிலில் நன்றாக வளர்ந்த புல் ஒரு நாளைக்குச் சுமார் 6 முதல் 7 மில்லிமீட்டர் தண்ணி எடுக்கும். ஆக ஒரு வாரம். மார்கழியில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டு, பதினான்கு நாள் தாங்கும். ஆனால் நம் ஊர்ச் சரளைச் செம்மண் இரண்டு அங்குலத்தையும் வேர்ப்பக்கம் பிடித்து வைக்காது. பாதி கீழே இறங்கிவிடும். அங்கே ஒரு அங்குலமாகக் குறைத்து, நாளைச் சுருக்குங்கள். கரிசலில் அப்படியே தலைகீழ்.

காலண்டரைப் பார்த்து மடை திறக்க வேண்டாம். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டை பிடித்து, விரலில் ஈரம் ஒட்டினால் தண்ணி வேண்டாம். பிடிபடாமல் உதிர்ந்தால் அன்றைக்கே விடுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் புல் இலை சுருண்டிருப்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அது வெயிலுக்குச் செய்வது. காலை எட்டு மணிக்கும் சுருண்டே இருந்தால் தாகம்.

இன்னொன்று. ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மும்முனைக் கரண்டு நடுராத்திரி வந்தால் மோட்டார் தானாக ஓடும், முதல் பாத்தி நிரம்பி வரப்பு உடைந்து தண்ணி ரோட்டுக்குப் போகும். கரண்டுக்குக் காசு இல்லை என்பதால் தண்ணியையும் அப்படியே நினைத்துவிட்டோம். போரில் தண்ணி ஒரு அடி இறங்கியது யாருக்கும் பில்லாக வருவதில்லை.

*

அக்கா, எங்கள் மயிலை (சாம்பல் நிற) மாட்டுக்குக் காங்கேயம் சினை ஊசி போட்டோம். பிறந்த கன்று செக்கச் சிவப்பாக இருக்கிறது. ஊசியை மாற்றிப் போட்டுவிட்டார்களா? மருத்துவரிடம் சண்டைக்குப் போகலாமா?
– வாசகி, பெருந்துறை

போகாதீர்கள் கண்ணு, மானம் போய்விடும். காங்கேயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாதத்துக்குள் நிறம் மாறிச் சாம்பலுக்கு வந்துவிடும். காளைக்கன்று வளர வளரத் திமிலும் கழுத்தும் கருக்கும். காயடித்தால் கருப்பு மங்கும்.

நிறத்தை விட்டுவிட்டு வேறு சிலதைக் கேட்கிறேன். கன்று பிறந்து எவ்வளவு நேரத்தில் சீம்பால் குடித்தது? அரை மணியில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குடித்திருக்க வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்கான அளவு. 20 கிலோ கன்றுக்கு இரண்டு லிட்டர், நாலைந்து தடவையாக. நோயை எதிர்க்கிற சக்தி கன்றுக்கு அதில்தான் கிடைக்கிறது. நேரம் போகப் போகக் குடல் அதை உறிஞ்சுவது குறைந்துகொண்டே வரும். எங்கள் பக்கம் இதில்தான் தப்பு நடக்கிறது. கன்று விழுந்த செய்தி கேட்டதும் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் சீம்பால் கொடுத்தனுப்பி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சுகிறார்கள். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்று வயிறு நிறைந்த பிறகு கொடுங்கள். நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை ஊட்ட விடக் கூடாது என்று இன்னும் சில வீடுகளில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது தவறு. கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கி, கொடி சீக்கிரம் விழும்.

கொடி 12 மணி நேரத்தில் விழவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையால் இழுக்காதீர்கள். கல்லைக் கட்டித் தொங்கவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதையும் செய்யாதீர்கள். உள்ளே கிழிந்து சீழ் வைக்கும். கன்றின் தொப்புள் கொடியை உடம்பில் இருந்து இரண்டு விரல் தள்ளி நூலால் கட்டி, அதற்குக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டி, டிங்சர் அயோடின் தடவுங்கள். பத்துப் பதினைந்து நாளில் முதல் குடற்புழு மருந்து. அளவை மருத்துவர் சொல்வார்.

அடுத்த ஈத்துக்கு: பனிக்குடம் உடைந்த பிறகு முன்னங்கால் இரண்டும், அதன்மேல் மூக்கும் தெரிந்தால் சும்மா இருங்கள், மாடு பார்த்துக்கொள்ளும். ஒற்றைக் கால், அல்லது வால் தெரிந்தாலோ, ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் நகரவில்லை என்றாலோ உடனே போன். 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

*

எங்கள் கிளை வாய்க்காலில் ஒவ்வொரு முறைத்தண்ணிக்கும் சண்டை. மேலே உள்ளவர்கள் தண்ணீர் திறந்த நிமிடத்தில் இருந்து எங்கள் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். எங்கள் வயலுக்கு வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. என்ன செய்வது?
– வாசகர், சிவகிரி

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே மாமனார் காலத்தில் இருந்து இருக்கிறது.

இந்தப் பாசனம் முறைப்பாசனமாகவே கட்டப்பட்டது என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. அதிலிருந்து வருகிற கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். முழுவதுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணி கிடையாது என்பதால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தார்கள். ஆகஸ்ட் நடுவில் திறக்கிற தண்ணி ஒரு பாதிக்கு, நெல் போடலாம். ஜனவரி வாக்கில் திறப்பது மறு பாதிக்கு. கடலை, எள் மாதிரி புஞ்சைப் பயிருக்கு மட்டும், விட்டு விட்டு வரும். அடுத்த வருஷம் பாதிகள் மாறும். அணையில் இருப்பு இல்லாத வருஷத்தில் இந்த ஏற்பாடெல்லாம் தள்ளாடும். அது நமக்குப் பழக்கம்தான்.

உங்கள் சண்டை வாய்க்கால் நனைகிற நேரத்தைப் பற்றியது. காய்ந்த மண் வாய்க்கால் முதல் ஒரு மணி நேரம் தானே குடிக்கும். அந்த நேரத்தைக் கடைசி ஆள் தலையில் மட்டும் கட்டினால் நியாயமே இல்லை. இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, வாய்க்கால் நனைந்து கடைமடைக்கு வந்து சேரும் நேரத்தைப் பொதுவில் கழித்துவிட்டு, மிச்ச நேரத்தை ஏக்கர் கணக்கில் பிரிப்பது. இரண்டாவது, ஒரு முறை தலைமடையில் ஆரம்பித்தால் அடுத்த முறை கடைமடையில் ஆரம்பிப்பது. கடைமடையில் ஆரம்பித்து, தண்ணி அங்கே வந்து சேர்ந்த பிறகு நேரத்தை எண்ணினால், மேலே வரும்போது வாய்க்கால் ஏற்கெனவே நனைந்திருக்கும், யாருக்கும் தனியாக நேரம் நஷ்டமில்லை. எங்கள் மடையில் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறோம். பேசி முடித்ததைப் பாசன சபை நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாயால் பேசியதைத் தண்ணி வந்த ராத்திரியில் ஒருவரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். தண்ணி வருவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து கிளை வாய்க்காலில் கோரையையும் வண்டலையும் எடுத்தால், அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு மணியாகக் குறையும். அதற்கு மட்டும் ஆள் சேராது, தெரியும்.

வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமா என்று இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஊரே இரண்டாகப் பிரிந்து போராடிய விஷயம். கடைமடைக்காரர் போடு என்பார். கரையோரம் கிணறு வைத்திருப்பவர், கசிவுத்தண்ணி நின்றால் கிணறு போச்சு என்பார். இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். நானும் இரண்டு பக்கத்திலும் நிற்கிறேன். வயல் கடைசியில், கிணறு கசிவில். உடைகிற கரைகளையும் ஒழுகுகிற மதகுகளையும் பலப்படுத்தட்டும், அடிமண்ணை விட்டுவிடட்டும் என்பது என் கட்சி. மாடு குடிப்பதும் அந்தக் கிணற்றுத் தண்ணிதானே.

*

நொய்யல் கரையில் எங்கள் தோட்டம். போர்த் தண்ணீர் கரிக்கிறது. டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) 6000 காட்டுகிறது. மாட்டுக்குக் கொடுக்கலாமா? புல்லுக்குப் பாய்ச்சலாமா?
– வாசகர், சென்னிமலை பக்கம்

உங்கள் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கே ஆகாத தண்ணியாகிவிட்டது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆற்றில் வருவது குறைந்தாலும் நிலத்துக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

மாட்டுக் கணக்கு: லிட்டருக்கு 3000 மில்லிகிராம் வரை பெரிய தொந்தரவு இல்லை. 5000-க்கு மேல் போனால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் கன்றுக்கும் கொடுக்காதீர்கள். 7000-க்கு மேல் எந்த மாட்டுக்கும் வேண்டாம். உங்கள் 6000-இல் ஒரு மாடு 50 லிட்டர் குடித்தால் ஒரு நாளில் 300 கிராம் உப்பு உள்ளே போகிறது. அதற்கு மேல் தவிட்டில் கல்லுப்பு வேறு கலக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். வீட்டுக்கு வருகிற குடிநீரையோ கூரையில் பிடித்த மழைத்தண்ணியையோ பாதிக்குப் பாதி கலந்தால் 3000-க்குக் கிட்டே வரும். மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் சொல்லும், சாயத்தில் வந்த உலோகங்களைச் சொல்லாது. அதனால் ஒரு பாட்டில் தண்ணியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவெடுங்கள்.

புல்லுக்கு: தெளிப்புநீர் வைக்காதீர்கள், இலை நுனி கருகும். சொட்டுநீரில் உப்பு ஈரத்தின் ஓரத்தில் போய்ப் படியும். ஒரு நல்ல மழை அதை இறக்கிவிடும், மழை தவறினால் சேர்ந்துகொண்டே போகும். தண்ணி வடிய வழி இல்லாத நிலமாக இருந்தால் தீவனப் பாசனத்தையே கைவிட்டு மானாவாரிக் கொழுக்கட்டைப் புல்லுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். ஜிப்சம் போடச் சொல்லிக் கடைக்காரர் சொல்வார். மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் போடுங்கள், மற்றபடி காசுக்கு நஷ்டம்.

*

சுழி (மாட்டின் உடம்பில் முடி சுழிந்திருக்கும் இடம்) பார்த்துத்தான் மாடு வாங்க வேண்டுமா?
– வாசகர், கரூர்

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கெட்ட சுழி என்று பெயர் வாங்கிய மாட்டை நாளைக்கு விற்கப் போனால் விலை இறங்கும். வைத்து வளர்ப்பதற்கு என்றால் சுழி உள்ள நல்ல மாட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போடுங்கள். லாபம் உங்களுக்குத்தான்.

*

மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நின்ற சோளத்தில் எங்கள் கிடேரி புகுந்து மேய்ந்தது. அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கி, நடுங்கி விழுந்து செத்துப்போனது. பக்கத்தில் யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்கிறார் என் மாமியார்.
– வாசகி, மூலனூர்

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அம்மிணி. யாரும் எதுவும் வைக்கவில்லை. இளம் சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டாகும். வாடி வளர்ச்சி நின்ற பயிரிலும், அறுத்த கட்டையில் மழைக்குப் பிறகு துளிர்க்கிற குருத்திலும் அது மிக அதிகம். பசியோடு போன மாடு நிறையத் தின்றால் நிமிஷங்களில் விழும். ரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். உடனே மருத்துவர் வந்து நரம்பில் ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு. ஆனால் அவ்வளவு நேரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பூக்கும் முன் சோளத்தில் மாட்டை விடக் கூடாது. கோ 29 தீவனச் சோளம் போட்டிருப்பவர்கள் முதல் அறுப்புக்கு 65 நாள் பொறுங்கள். நடுவில் தண்ணி தவறி வாடியிருந்தால் பாசனம் கொடுத்து, பயிர் தெளிந்து மறுபடி வளர்ந்து வரும் வரை அறுக்காதீர்கள். நன்றாகக் காயவைத்த தட்டில் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். மாமியாரிடம் சண்டை போடாதீர்கள், இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டோடு வரப்பும் வாய்க்காலும் சேர்ந்து பகையாகிவிடும்.

*

கணவர் வெளிநாட்டில். இரண்டு மாடும் மூன்று ஏக்கரும் என் பொறுப்பு. மாட்டிடம் போகவே பயம். ராத்திரி முறை வந்தால் மடை கட்டப் போகவும் ஆளில்லை. பெண்கள் தனியாகச் செய்யக்கூடியதா இது?
– வாசகி, கொடுமுடி

நான் செய்கிறேன். எங்கள் ஊரில் இன்னும் பலர் செய்கிறார்கள். சபைக் கூட்டத்துக்கு மட்டும் ஆம்பளைகள் போவார்கள்.

மாட்டுக்குப் பின்னால் இருந்து சத்தமில்லாமல் போகாதீர்கள். பேசிக்கொண்டே பக்கவாட்டில் போய் முன்தோளில் கை வையுங்கள். தீவனம் வைப்பவரும் தண்ணி காட்டுபவரும் கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஒருவராகவே இருங்கள், குரல் பழகிவிடும். காங்கேயம் மாட்டுக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும். கன்று போட்ட மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள், எவ்வளவு சாதுவாக இருந்தாலும் முட்டும். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். மிரண்டு ஓடினால் விரல் போய்விடும்.

ராத்திரி முறையைப் பற்றிச் சபையில் வாய்விட்டுக் கேளுங்கள். பகல் முறைக்கு மாற்றிக்கொள்ள மேல்வயல்காரர் சம்மதிக்கக்கூடும். பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரியையே விரும்புவார்கள். மாற்றம் கிடைக்காத அன்றைக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கட்டுகிற டார்ச், கையில் ஒரு கம்பு. வாமடையைத் திறக்கும் முன் வரப்பு ஓரத்தைக் கம்பால் தட்டுங்கள். தண்ணி ஏறும்போது பொந்தில் இருக்கிற பாம்பு வெளியே வரும். பாத்திகளைச் சிறியதாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு மடைக்கும் இரண்டு மூன்று வெட்டு மண் போதும். மம்பட்டியை உங்கள் உயரத்துக்குப் பிடி போட்டு வாங்குங்கள். வீட்டில் கிடக்கிற அவருடைய மம்பட்டி இடுப்பை ஒடித்துவிடும்.